சோளகக் காற்றும் உமிச் சாம்பலும்: ஒரு மென்சவ்வு செய்த அனுபவம்

ஆடி மாதத்துப் பிற்பகல், இரண்டு மணி இருக்கும். ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே சோளகம் செம்மண் புழுதியை அள்ளி ஏ-9 வீதிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. மேசையில், ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருட்கலம். காலை எட்டு மணிக்கு 5 அம்பியர் எடுக்கும்போது 0.66 வோல்ற் காட்டியது. பத்தரைக்கு 0.60. இப்போது 0.49. ஐதரசன் ஒழுங்காக வருகிறது, ஒழுக்கு இல்லை, கம்பி இணைப்புகளை எல்லாம் ஒருதரம் இறுக்கிப் பார்த்தாயிற்று. காற்றுப் போதவில்லையாக்கும் என்று விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். கொஞ்சம் ஏறி 0.51 வந்தது. ஆ, பிடித்துவிட்டேன் என்று கதிரையில் சாய்வதற்குள் 0.40க்கு விழுந்தது.

பழைய கணினியிலிருந்து கழற்றிப் பூட்டிய அந்தச் சின்ன விசிறிதான் குற்றவாளி என்று விளங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உதவியாளராக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் செயற்றிட்டத்துக்குத் துணையாக, கடமை நேரம் முடிந்த பிறகு செய்த வேலை இது. அவள் கணக்கில் கெட்டிக்காரி. நான் கையால் செய்வதில் ஓரளவு. இரண்டு பேருக்கும் பொறுமை குறைவு.

கலத்தின் நடுவில் இருப்பது ஒரு மென்சவ்வு. பார்த்தால் சாதாரணப் பொலித்தீன் துண்டு என்றுதான் நினைப்பீர்கள். அதன் இரண்டு பக்கமும் பிளாற்றினம் பூசிய காபன் துணி. ஒரு பக்கத்தில் ஐதரசன் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிகிறது. இலத்திரன் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போகிறது, நமக்கு மின்சாரம் அதுதான். புரோத்தன் மென்சவ்வுக்குள்ளால் மறுபக்கம் போய் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிறது. ஆனால் புரோத்தன் தனியே போகாது, அதற்கு நீர் வேண்டும். மென்சவ்வுக்குள் சல்போனிக்கமிலக் கூட்டங்கள் இருக்கின்றன. நீரில் நன்றாக ஊறியிருந்தால் ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றி 22 நீர் மூலக்கூறு வரை இருக்கும். நிரம்பிய நீராவியில் 14. சாரீரப்பதன், அதாவது காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 30 வீதமானால் 3 கூட மிஞ்சாது. அந்த நிலையில் மென்சவ்வு புரோத்தனைக் கடத்தும் திறன், ஊறியிருந்தபோது இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒன்று.

போதாததற்கு, புரோத்தன் போகும்போது ஐதரசன் பக்கத்து நீரையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் முதலில் காய்வது அந்தப் பக்கம்தான்.

அன்று மானியில் அறை வெப்பநிலை 36 பாகை, சாரீரப்பதன் 46 வீதம். கேட்க மோசமில்லை. ஆனால் கலம் 50 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றில் இருக்கும் நீராவியின் அழுத்தம் 2.7 கிலோபாஸ்கல். 50 பாகையில் காற்று நிரம்ப வேண்டுமென்றால் 12.3 வேண்டும். அதே காற்று கலத்துக்குள் நுழைந்து சூடானதும் அதன் சாரீரப்பதன் 22 வீதமாகிவிடுகிறது. அடுப்புக்கு மேலே கருவாடு கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

மாணவி கொப்பியைத் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டாள். 5 அம்பியரில் இந்தக் கலம் ஒரு மணித்தியாலத்தில் உண்டாக்கும் நீர் 1.7 கிராம், ஒரு மேசைக்கரண்டியின் ஒன்பதிலொரு பங்கு அளவில் வரும். வெளியேறும் காற்றின் ஒவ்வொரு லீற்றரும் 65 மில்லிகிராம் வரை நீரைத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்படியென்றால் நிமிடத்துக்கு அரை லீற்றர் காற்றுக்கும் குறைவாக ஓடினாலே, கலம் செய்த நீர் முழுவதும் போய்விடும். ஒட்சிசனுக்காக உண்மையில் தேவைப்படும் காற்று நிமிடத்துக்கு 90 மில்லிலீற்றர் மட்டுமே. விசிறியோ நிமிடத்துக்குப் பத்துக்கணக்கான லீற்றர் தள்ளுகிறது.

"அண்ணா, நீங்க கலத்துக்கு மூச்சுக் குடுக்கேல்லை. வெயில்ல காயப் போட்டிருக்கிறியள்."

சரி. விசிறியைக் குறைத்தோம், காற்றுப் பக்கத்து வாயை மட்டையால் பாதி மூடினோம். 0.49 இருந்தது 0.57 ஆனது. காசு செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது. இதைச் செய்யாமல் யாரும் மென்சவ்வை மாற்றப் போகாதீர்கள். ஆனால் காற்றை மிகவும் குறைத்தால் கலம் சூடேறுகிறது, சூடேறினால் இன்னும் காய்கிறது. விசிறிக்குக் காற்றுக் கொடுக்கும் வேலையோடு குளிரவைக்கும் வேலையும் இருக்கிறது. அதனால் மிச்சத்தை மென்சவ்விலேதான் பார்க்க வேண்டியிருந்தது.

அளவீடு பற்றி ஒரு வார்த்தை. வோல்ற்றளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எது குறைகிறதென்று பிடிபடாது. சூரியப்படல் வேலை செய்பவர்கள் பற்றரியின் உள்தடையைப் பார்க்க வைத்திருக்கும் சின்ன மானியை இரவல் வாங்கினேன். 1 கிலோஹேட்ஸ் ஆடலோட்டத்தில் மில்லியோம் கணக்கில் காட்டும். கலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனையிலும் தொட்டால் மென்சவ்வின் தடையும் தொடுகைத் தடையும் சேர்ந்து வரும். விலை கூடிய கருவிகள் இல்லாதவர்களுக்கு இது போதும். எங்கள் கலம் 5 சதமமீற்றருக்கு 5, அதாவது 25 சதுர சதமமீற்றர். வாங்கிய தடித்த மென்சவ்வோடு காலையில் 9 மில்லியோம், பிற்பகலில் 31. குற்றம் எங்கே என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அந்த மென்சவ்வின் பெயர் நஃபியோன் 117. முதல் இரண்டு இலக்கமும் வேதியியல் அளவு, கடைசி 7 தடிப்பு: அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு, மில்லிமீற்றரில் 0.18. 1960களின் பிற்பகுதியில் டூபொன் நிறுவனத்தில் வால்தர் குரோட் என்பவர் உருவாக்கியது. உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் செய்யும் தொழிற்சாலைகள் இதைப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. இந்த விசயத்தைப் படித்தபோது எனக்குப் பரந்தன்தான் நினைவுக்கு வந்தது. ஆனையிறவு உப்பை வைத்து எரிசோடாவும் குளோரீனும் செய்த தொழிற்சாலை அங்கே இருந்தது. அந்த மின்பகுப்பில் கூடவே ஐதரசனும் வரும். எங்கள் ஊரில் ஐதரசன் ஒன்றும் புதுச் சாமான் இல்லை என்று மாணவிக்குச் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன்னமே அது நின்றுபோய்விட்டது.

இப்போது என் முதல் பிழையைச் சொல்லவேண்டும். மென்சவ்வைக் கலத்தில் பூட்டுவதற்கு முன் ஊறவைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் முடிந்துபோயிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கடையும் பூட்டு. ஒரு இரவுதானே என்று கிணற்றுத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனேன். அடுத்த நாள் காலையிலேயே, ஈரம் சொட்டச் சொட்ட, 21 மில்லியோம்.

வன்னிக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டதென்று தேநீர்க் கேத்திலைத் திறந்து பார்த்தால் தெரியும். அடியில் ஓடு மாதிரி வெள்ளைப் படை, நகத்தால் சுரண்டினாலும் வராது. அந்தக் கல்சியம் மென்சவ்வுக்குள் போய்ப் புரோத்தன் இருக்கவேண்டிய இடத்தில் குந்திவிடுகிறது. ஒரு கல்சியம் அயன் இரண்டு இடத்தைப் பிடிக்கும், பிறகு எழும்பாது. நல்லவேளை, மருந்து இருக்கிறது. 0.5 மூலர் சல்பூரிக்கமிலத்தில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஒரு மணித்தியாலம். பிறகு வடித்த நீரில் ஒரு மணித்தியாலம், நீரை மாற்றி மாற்றி. 9.5 மில்லியோமுக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வடித்த நீர்க் கலனில் பெயர் எழுதிப் பூட்டி வைத்தேன், என்னிடமிருந்து காப்பாற்றுவதற்காக.

இனி மென்சவ்வு. வறண்ட காற்றில் நீரைப் பிடித்து வைக்க நஃபியோனுக்குள் வேறொரு பொருளைக் கலப்பது பழைய யோசனை. தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் மோரிட்ஸ் என்பவரின் குழு மென்சவ்வுக்குள்ளேயே சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கும் அதே பொருளை, வளரவைத்தது. யப்பானில் வத்தனபே குழு 1990களில் மிக நுண்ணிய பிளாற்றினத்தையும் சிலிக்கா போன்ற ஒட்சைட்டுகளையும் உள்ளே தூவி, கசிந்து வரும் ஐதரசனும் ஒட்சிசனும் மென்சவ்வின் நடுவிலேயே நீராகும்படி செய்தது. சிர்க்கோனியம் பொசுபேற்று, களிமண் என்று வேறும் பல உண்டு. சிலிக்காவின் மேற்பரப்பு முழுவதும் ஐதரொட்சைல் கூட்டங்கள், நீர் போய் ஒட்டிக்கொள்ள வசதி. ஆனால் சிலிக்கா புரோத்தனைத் தானாகக் கடத்தாது. நீரைப் பிடித்து வைக்கும், வழியையும் அடைக்கும். எவ்வளவு போடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எங்களுக்குச் சிலிக்கா எங்கிருந்து? வன்னியில் இந்தக் கேள்விக்குச் சிரிக்கத்தான் வேண்டும். அறுவடை முடிந்தால் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் உமி மலையாகக் கிடக்கும். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒன்று சாம்பல், சாம்பலில் 90 வீதமளவில் சிலிக்கா. பரந்தன் பக்கத்து ஆலை ஒன்றுக்குச் சாக்கோடு போனேன்.

"என்ன தம்பி, கோழிக்கூட்டுக்கோ?" என்று ஆலைக்கார ஐயா கேட்டார்.

"இல்லை ஐயா, கரண்ட் எடுக்க."

"அப்ப ஒரு சாக்குப் போதாதே. ரக்ரரைக் கொண்டு வா."

ஒரு சாக்கில் பாதிதான் எடுத்தேன். உண்மையில் தேவைப்பட்டது ஒரு கை உமி.

முதல்தரம் கழுவிக் காயவைத்து நேரே உலையில் போட்டேன். 600 பாகை, நான்கு மணித்தியாலம். வந்தது கரிய சாம்பல். திரும்ப எரித்தும் வெளுக்கவில்லை. உமியில் பொற்றாசியம் இருக்கிறது, அது சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் காபனை உள்ளே மூடிவிடுகிறது. இரண்டாம்தரம் உமியை 1 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, அமிலம் போகும்வரை கழுவி, பிறகு எரித்தேன். உலைக் கதவைத் திறந்தபோது உமியின் வடிவம் அப்படியே இருந்தது. அந்தச் சின்னத் தோணி வடிவம், முதுகு வரிகள், எல்லாம் இருந்தது, நிறம் மட்டும் பூப் போல வெள்ளை. விரலால் தொட்டதும் மாவாய் உதிர்ந்தது. வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த கணம் அதுதான். வெப்பநிலையை 800க்கு மேலே விட்டுவிடாதீர்கள். சிலிக்கா பளிங்காகத் தொடங்கும், பிறகு நீரைப் பிடிக்கும் பரப்பும் போய்விடும், மூச்சில் போனால் நெஞ்சுக்கும் கேடு.

மாவாய் உதிர்ந்தது என்று சொன்னேன். அந்த மாவை உரலில் அரைத்து அப்படியே மென்சவ்வில் கலந்தது இரண்டாவது பிழை. கைக்கு மாவு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சரளைக் கல். மென்சவ்வின் தடிப்பே 50 மைக்ரோமீற்றர், அதற்குள் 20, 30 மைக்ரோமீற்றர் மணிகள். அந்தத் துண்டைக் கலத்தில் போட்டபோது சுமை இல்லாத நிலையிலேயே 0.78 வோல்ற்றுத்தான் வந்தது, நல்ல மென்சவ்வுக்கு 0.95 அளவில் வரும். மணிகளைச் சுற்றி ஓட்டை, ஐதரசன் குறுக்கே கசிகிறது. கலத்தின் ஒரு பக்கத்துக்கு மெல்லிய அழுத்தத்தில் வாயுவைக் கொடுத்து மறுபக்கக் குழாயை நீரில் வைத்தால் குமிழ் வரிசையாக வந்தது.

எனவே சாம்பலைக் கரைத்துத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது. சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் கொதிக்கவைத்தால் சிலிக்கா கரையும். வடித்து, கலக்கிக்கொண்டே துளித்துளியாக அமிலம் சேர்த்தால் பீஎச் 7 அளவில் பாயாசம் மாதிரிக் கெட்டிப்படும். இந்தக் கூழில் சோடியம் நிறைய இருக்கிறது. கல்சியம் எனக்குப் படிப்பித்த பாடத்தைச் சோடியத்திடம் இன்னொருதரம் படிக்க நான் தயாரில்லை. கழுவின நீரின் மின்கடத்துதிறன் வடித்த நீருக்குக் கிட்ட வரும்வரை, மூன்று நாளில் பதினொரு தரம் கழுவினோம். கடைசியாக ஐதான அமிலத்தில் ஒரு கழுவல். காய்ந்து கட்டியாகவிடாமல், ஈரமாகவே அற்ககோலில் போட்டு மீயொலித் தொட்டியில் அரை மணித்தியாலம் வைத்தோம். பால் மாதிரி ஒரு திரவம் வந்தது, அரை நாளுக்கு அடியில் படியவில்லை.

வார்ப்பு. நஃபியோன் 5 வீதத் திரவமாகச் சின்னப் போத்தலில் கிடைக்கும், விலை சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார். 9 சதமமீற்றர் கண்ணாடித் தட்டில் 50 மைக்ரோமீற்றர் தடிப்பு வேண்டுமானால் காய்ந்த நஃபியோன் 0.64 கிராம், திரவமாக 13 கிராம் அளவில். அதில் 4 வீதம் சிலிக்கா என்றால் 26 மில்லிகிராம். அரை மூடை உமி எடுத்துவந்தவன் 26 மில்லிகிராம் நிறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மாணவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தட்டு மட்டமாக இருக்கவேண்டும். எங்கள் உலர்ப்புப் பெட்டியின் தட்டு ஒரு பக்கம் சரிவு, முதல் வார்ப்பு ஒரு கரையில் தடித்து மறுகரையில் சிலந்தி வலை மாதிரி வந்தது. மேசன்மார் பாவிக்கும் மட்டக்கோலை வைத்து, கடதாசியை மடித்து முண்டு கொடுத்துச் சரிப்படுத்தினேன். 70 பாகையில் இரவு முழுதும், மூடியைச் சற்றுத் திறந்து. அவசரப்பட்டால் வற்றிய குளத்து அடிமண் மாதிரி வெடிக்கும். இரணைமடுவின் ஓரத்தில் ஆவணியில் பார்ப்போமே, அதே வடிவம்.

காய்ந்ததும் முடிந்ததென்று நினைத்துவிடக்கூடாது. அந்த நிலையில் அதை நீரில் போட்டால் கரைந்து சிதறும். ஒரு துண்டை அப்படி இழந்தோம். 130 பாகையில் ஒரு மணித்தியாலம் சூடாக்கினால்தான் உள்ளே சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்து உறுதிப்படும். அதற்குப் பிறகு தட்டில் வடித்த நீரை ஊற்றிவிட்டால் படலம் தானாகக் கழன்று மிதக்கும். வெட்டி மிச்சமான துண்டுகளை எரிக்கவேண்டாம். புளோரின் உள்ள பொருள், புகை நஞ்சு.

காபன் துணியோடு சூட்டில் அழுத்தி ஒட்டுவதற்கு எங்களிடம் இயந்திரம் இல்லை. ஆனால் கிளிநொச்சி நகரத்தில் ரீசேட் அச்சடிக்கும் கடையில் இருக்கிறது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் சூட்டு மணியும், ஒட்டாத தெப்லோன் தாளும் அவர்களிடமே உண்டு. கடைத் தம்பி நான் கொண்டுபோன துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஆருக்கு அண்ணை, பொம்மைக்கு ரீசேட்டோ?"

மானி 130 காட்டியது. என் வெப்பமானிக் கம்பியை உள்ளே வைத்துப் பார்த்தால் நடுவில் 127, கரையில் 116. நடுவிலேயே வைத்து மூன்று நிமிடம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். எரிந்தால் ஒரு படம் அனுப்பச் சொன்னான். எரியாது தம்பி, அதுதான் இதில் விசேசம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

புதுக் கலத்தைப் பூட்டி, ஆவணி நடுப்பகுதியில் ஒரு வறட்டுப் பிற்பகலில் ஓட்டினோம். அதே 5 அம்பியர், அதே விசிறி வேகம். 31 மில்லியோம் காட்டிய இடத்தில் 11. வோல்ற்றளவு 0.62. நான் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன். உமிச் சாம்பல் வேலை செய்கிறது!

மாணவி ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு, "சிலிக்கா இல்லாமல் இதே தடிப்பில ஒன்று வார்த்தமோ அண்ணா?" என்றாள்.

வார்க்கவில்லை. தடித்த 117ஐயும் மெல்லிய புதுத் துண்டையும் ஒப்பிட்டுவிட்டு எல்லாப் புகழையும் சிலிக்காவுக்குக் கொடுத்திருந்தேன். போத்தலில் மிச்சம் இருந்ததில் வெறும் நஃபியோன் ஒன்று வார்த்தோம், அதே 50 மைக்ரோமீற்றர், அதே சூடு, அதே ரீசேட் கடை. காலையில் அது 5 மில்லியோம், சிலிக்காத் துண்டு 5.5. அதாவது ஈரமாக இருக்கும்போது சிலிக்கா இல்லாததுதான் சற்று நல்லது. பிற்பகலில் வெறும் துண்டு 15, சிலிக்காத் துண்டு 11.

31இலிருந்து 15க்கு இறங்கியது மெல்லியதாக இருந்ததால் மட்டும். உமிக்கு உரியது 15இலிருந்து 11 வரைக்கும்தான். மெல்லியதில் புரோத்தன் போகவேண்டிய தூரம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது வேறு. காற்றுப் பக்கத்தில் உண்டாகும் நீர் மெல்லிய மென்சவ்வின் ஊடாகத் திரும்பிப் பரவி, காய்ந்துபோகும் ஐதரசன் பக்கத்தை நனைக்கிறது. தடித்த மென்சவ்வில் அந்த நீர் வந்து சேர்வதற்குள் காற்று கொண்டுபோய்விடும். 2014இல் வந்த டொயோட்டா மிராய் காரில் வெளியே இருந்து ஈரப்படுத்தும் கருவியையே எடுத்துவிட்டார்கள். மெல்லிய மென்சவ்வும் கலம் செய்யும் நீரை உள்ளேயே சுற்றவிடும் ஏற்பாடும் அதற்குப் போதுமாக இருந்தது. கலத்துக்கு வேண்டிய நீரைக் கலமே செய்கிறது, அதைக் காற்று அள்ளிப் போகாமல் தாமதப்படுத்துவது மட்டுமே நாம் செய்வது. சிலிக்கா நீரைக் கொண்டுவருவதில்லை, பிடித்து வைக்கிறது. அதை நேரத்தில்தான் நன்றாகப் பார்க்கலாம். விசிறியைக் கூட்டியதும் வெறும் துண்டு இருபது நிமிடத்தில் 12ஐத் தாண்டியது. சிலிக்காத் துண்டு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக 11க்குள்ளேயே நின்றது.

4 நல்லதென்றால் 10 இன்னும் நல்லதாக இருக்குமே என்ற ஆசையும் வந்தது. 10 வீதம் போட்டது மோர் மாதிரி மங்கலாக வந்து, மடித்ததும் அப்பளமாய் உடைந்தது. உடையாத பகுதியை ஓட்டினால் காலையிலேயே 9. அதோடு விட்டுவிட்டோம்.

மெல்லியதற்கு ஒரு விலை உண்டு, அது கிழியும். ஈரத்தில் விரிந்து காய்ச்சலில் சுருங்கி, நாளடைவில் சட்டக விளிம்பில் வெடிக்கும். கோர் போன்ற நிறுவனங்கள் நுண்துளையுள்ள தெப்லோன் வலையை நடுவில் வைத்து நஃபியோன் வகைப் பொருளை அதற்குள் ஊறவிட்டுச் செய்கின்றன. குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை ரேப்பும் தெப்லோன்தானே என்று அதை நீட்டி வைத்து முயன்றேன். திரவம் சேம்பிலையில் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. அற்ககோலால் நனைத்துவிட்டு ஊற்றினால் பிடிக்கிறது. ஆனால் ரேப்பின் அகலம் 12 மில்லிமீற்றர், இரண்டு கீலம் சேரும் கோடு முழுவதும் குமிழ் வரிசை. ஒரே கீலத்தில் அடங்கக்கூடிய மிகச் சிறிய கலத்துக்கு இது சரிவரலாம். எங்கள் கலத்துக்குச் சரிவரவில்லை. வெட்டிய விளிம்புகளுக்கு மெல்லிய பொலியெசுத்தர்த் தாளில் சட்டம் வைத்ததோடு சமாளிக்கிறோம்.

புரட்டாதி முடிய மாணவி அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். அட்டவணையில் வெறும் துண்டின் நிரல்தான் முதலில் இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாத மழை, வெள்ளம் வாசற்படி வரை, மானியில் 27 பாகை, 93 வீதம். இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பூட்டிப் பார்த்தேன். ஒன்று 5, மற்றது 5.5, காலையிலும் பிற்பகலிலும் அதேதான். உமிக்கு அங்கே வேலை இல்லை. மாறாக, சிலிக்காத் துண்டு பூட்டிய நாளில் வோல்ற்றளவு திடீர் திடீரென்று விழுந்து எழும்பியது. கழற்றிப் பார்த்தால் காற்று ஓடும் தவாளிப்புகளில், அந்த மெல்லிய பள்ளங்களில், நீர் தேங்கி நிற்கிறது. ஆடியில் நான் திட்டிய விசிறியைத் திரும்ப முழு வேகத்தில் விட்டேன். பத்து நிமிடத்தில் கலம் சீராகிவிட்டது.